விசிட் விசாவில் போய்ப் பார்த்துவிட்டு வருவதா, நேராக ஸ்டூடண்ட் விசாவா?

அடுத்த வருடம் வெளிநாட்டில் படிக்கப் போவதாகத் திட்டம். எந்தப் பல்கலைக்கழகம் என்பது பாதிதான் முடிவாகியிருக்கிறது. அங்கே இருக்கும் அக்கா, "ஒரு மாதம் வந்து தங்கிவிட்டுப் போயேன்" என்கிறார். ஏஜெண்ட், "முதலில் விசிட் விசாவில் போய்விடுங்கள், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். வீட்டில் ஒருவர், "விசிட் விசா எடுத்துவிட்டால் அப்புறம் ஸ்டூடண்ட் விசா தரவே மாட்டார்கள்" என்று பயமுறுத்துகிறார். மூன்று பேரும் அவ்வளவு உறுதியாகச் சொல்வதால்தான் குழப்பம்.

பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். படிக்கும் எண்ணம் உள்ளவர் அந்த நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கூடாது என்று விதி கிடையாது. வளாகத்தைப் பார்ப்பது, பேராசிரியரைச் சந்தித்துப் பேசுவது, ஊர் நமக்கு ஒத்துவருமா என்று பார்ப்பது எல்லாம் விசிட்டர் தாராளமாகச் செய்யலாம். உள்ளே போகும்போது ஒன்று சொல்லிவிட்டு, போன பிறகு வேறொன்று செய்தால்தான் வம்பு. அக்கா சொல்வதும் ஏஜெண்ட் சொல்வதும் கேட்க ஒன்று போலத் தெரிந்தாலும், வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

பெரும்பாலோர் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். என் வரிசையில் அதற்கு நான்காவது இடம்தான்.

முதலாவது, அந்த நாட்டுச் சட்டத்தில் அந்த வழி இருக்கிறதா. இல்லாத வழியை மலிவாக இருக்கிறதே என்று யோசிப்பதில் பயனில்லை. இரண்டாவது, விண்ணப்பத்தில் எழுதியதும் இமிகிரேஷன் கவுண்டரில் சொன்னதும் உண்மையில் செய்யப்போவதும் ஒன்றுதானா. மூன்றாவது, உங்கள் பெயரில் என்ன பதிவு நிற்கும். விசா மறுப்பு என்பது அன்றோடு முடிகிற விஷயம் இல்லை. "இதற்கு முன் எந்த நாடாவது விசா மறுத்திருக்கிறதா" என்ற கேள்வி பிற்பாடு வேறு நாட்டுப் படிவத்திலும் வரும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடிவரவுத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே மறைப்பது மறுப்பை விடப் பெரிய தப்பு. நான்காவது, திரும்பி வராத பணம். ஐந்தாவது, காலண்டர்: வகுப்பு தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் நாள் போதுமா. கடைசியாக, திட்டம் கவிழ்ந்தால் நீங்கள் எங்கே நிற்பீர்கள். சொந்த ஊரில் நின்றுகொண்டு தோற்பதும், திரும்பும் டிக்கெட்டை மாற்றிக்கொண்டே இன்னொரு நாட்டில் நின்று தோற்பதும் ஒன்றல்ல.

முதல் அளவுகோலுக்கு ஒரு அட்டவணை போதும்:

| நாடு | விசிட்டராக என்ன படிக்கலாம் | உள்ளே இருந்தபடியே மாணவராக மாறலாமா |
|---|---|---|
| அமெரிக்கா | பட்டத்துக்குக் கணக்கில் வராத, பொழுதுபோக்கு மாதிரியான குறும் படிப்பு மட்டும் | விண்ணப்பிக்கலாம். ஒப்புதல் வரும் வரை வகுப்பில் சேரக் கூடாது |
| பிரிட்டன் | அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் 6 மாதம் வரை | முடியாது |
| கனடா | 6 மாதம் அல்லது அதற்குக் குறைந்த படிப்பு | சில விதிவிலக்குகள் தவிர முடியாது |
| ஆஸ்திரேலியா | 3 மாதம் வரை | 2024 ஜூலை 1 முதல் முடியாது |
| ஜெர்மனி | ஷெங்கன் விசாவின் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா) 90 நாளுக்குள் முடியும் மொழி வகுப்பு போன்றவை | பொதுவாக முடியாது. திரும்பிப் போய்த் தேசிய விசா (நீண்ட காலம் தங்குவதற்கானது) எடுக்க வேண்டும் |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையைப் படித்தாலே ஏஜெண்ட் சொன்னதில் பாதி அடிபட்டுப்போகும்.

## வழி 1: நேராக ஸ்டூடண்ட் விசா

ஆஃபர் லெட்டர் வாங்கி, பணக் கணக்கு காட்டி, ஊரிலிருந்தே விண்ணப்பித்து, விசா வந்ததும் பெட்டி கட்டுவது. சொல்வதும் செய்வதும் ஒன்றாகவே இருக்கும். மறுத்தாலும் வீட்டில்தான் இருப்பீர்கள்.

பணம்தான் இங்கே கனம். 2025 ஜூலையிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டூடண்ட் விசாக் கட்டணம் 2,000 ஆஸ்திரேலிய டாலர். மறுத்தால் திரும்பி வராது. பிரிட்டனில் விசாவுக்கு 2025-இல் 524 பவுண்டாக இருந்தது. அதற்கு மேல் மருத்துவக் கூடுதல் கட்டணம் மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருட முதுகலைப் படிப்புக்கு விசா பதினாறு மாதத்துக்குத் தருவார்கள் என்பதால் ஒன்றரை வருடத்துக்கான 1,164 பவுண்டை முன்பணமாகவே கட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டால் மருத்துவக் கட்டணம் திரும்பி வரும், விசாக் கட்டணம் வராது. அமெரிக்காவில் விசாக் கட்டணம் 185 டாலர், செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) கட்டணம் 350 டாலர். கனடாவில் ஸ்டடி பர்மிட் (படிப்பு அனுமதி) 150 கனடிய டாலர், பயோமெட்ரிக் (கைரேகை, புகைப்படப் பதிவு) 85. ஆனால் 2025 செப்டம்பரிலிருந்து கல்விக் கட்டணம் போக ஒரு வருடச் செலவுக்கு 22,895 கனடிய டாலர் இருப்பதாகக் காட்ட வேண்டும். பெரும்பாலான படிப்புகளுக்கு மாகாணத்தின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். இது 2024 ஜனவரியில் வந்த விதி.

வெளியே தெரியாத செலவு ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்த இடம் பிடிக்காமல் போனால் முன்பு போல எளிதாக மாற முடியாது. கனடாவில் 2024 நவம்பர் 8 முதல் கல்வி நிறுவனத்தை மாற்றினால் புது ஸ்டடி பர்மிட் எடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் முதன்மைப் படிப்பின் முதல் ஆறு மாதத்துக்குள் மாற வேண்டுமென்றால் பழைய நிறுவனம் விடுவித்தால்தான் உண்டு. முதல் வருடக் கட்டணத்தைக் கட்டிய பிறகு, "ஊர் இவ்வளவு ஒதுக்குப்புறமா?" என்று கேட்பது விலை அதிகமான கேள்வி.

போய்ப் பழகிக்கொள்ள நேரம் வேண்டும் என்பதற்காகவே விசிட் விசாவை யோசிக்கிறீர்கள் என்றால் அதற்கு அவசியமே இல்லை. அமெரிக்காவுக்கு எஃப்-1 என்ற ஸ்டூடண்ட் விசாவில் வகுப்பு தொடங்குவதற்கு 30 நாள் முன்னதாகவே போய் இறங்கலாம். பிரிட்டனிலும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால் ஒரு மாதம் முன்னதாகப் போகலாம். வீடு பார்க்க, வங்கிக் கணக்கு தொடங்க, பஸ் ரூட் தெரிந்துகொள்ள அந்த ஒரு மாதம் போதும்.

எப்போது இதுவே சரி: படிப்பும் இடமும் முடிவானவர்களுக்கு, அங்கே ஏற்கெனவே படிக்கும் மாணவர்களிடம் பேசித் தெளிவு பெற்றவர்களுக்கு, வகுப்பு தொடங்க ஆறு மாதமோ அதற்குக் குறைவோ இருப்பவர்களுக்கு. இந்தக் கடைசி வகையினர் பயணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கும் என்று நம்பி டிக்கெட் எடுக்க முடியாது.

## வழி 2: பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அப்புறம் விண்ணப்பிப்பது

எனக்குப் பிடித்த வழி இதுதான், ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது.

இதில் கிடைக்கும் உண்மையான லாபம் விசா அதிகாரியிடம் இல்லை, உங்களிடமே இருக்கிறது. நேரத்துக்குப் போய் நேரத்துக்குத் திரும்பியது பதிவில் நல்லதாக நிற்கும், சரி. அதற்காகவே ஸ்டூடண்ட் விசா கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஆனால், "ஏன் இந்த ஊர், ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த நிறுவனம்" என்று கேட்கும்போது, போய்ப் பார்த்தவர் சொல்லும் பதில் வேறு மாதிரி இருக்கும். ஆஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல் பழைய நீண்ட கடிதத்துக்குப் பதிலாக இப்படிப்பட்ட கேள்விகளைப் படிவத்திலேயே கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். இணையத்தில் திரட்டிய விவரத்தை வைத்து 150 சொல் எழுதினால் எல்லோருடையதும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தத் துறையின் ஆய்வகத்தைப் பார்த்தவர், அங்கே என்ன கருவி இருக்கிறது, எந்தப் பாடத்தை யார் நடத்துகிறார் என்று எழுதுவார்.

போவதென்றால் எப்போது போவது? விடுமுறையில் போகாதீர்கள். வளாகம் காலியாக இருக்கும். கட்டடங்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவீர்கள், அவ்வளவுதான். வகுப்பு நடக்கும் காலத்தில், முடிந்தால் அந்த ஊரின் மோசமான பருவத்தில் போங்கள். இலையுதிர் காலத்தில் அழகாக இருக்கும் ஊர் பிப்ரவரியில் எப்படி இருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும். வாடகை அறைகளை நேரில் பாருங்கள். அங்கிருந்து வளாகத்துக்கு இரவு பத்து மணிக்கு பஸ் இருக்கிறதா என்று பாருங்கள். செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு முந்தைய வருடம் அக்டோபர், நவம்பரில் போய்விட்டு வந்தால் விண்ணப்பத்தையே அதற்கேற்ப மாற்றலாம். ஆஃபர் வந்த பிறகு மே மாதத்தில் போவது காலங்கடந்த காரியம்.

வெளியே தெரியாத செலவுகளில் பெரியது விசிட் விசா மறுப்பு. இள வயது, திருமணமாகவில்லை, வேலையும் இப்போதைக்கு இல்லை என்றால் விசிட் விசாவுக்கே மறுப்பு வர நல்ல வாய்ப்பு உண்டு. அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தில் இருக்கிறார் என்ற அனுமானத்திலிருந்துதான் தொடங்குகிறது. அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. பார்த்துவிட்டு வரலாம் என்று எடுத்த முயற்சியில் ஒரு மறுப்பு விழுந்தால், அடுத்து ஸ்டூடண்ட் விசாப் படிவத்தில் அதை எழுதித்தான் ஆக வேண்டும். தேவையே இல்லாமல் வாங்கிய காயம் அது. ஏற்கெனவே செல்லுபடியாகும் விசிட் விசா கையில் இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. அவருக்கு இந்த வழி கிட்டத்தட்ட விமான டிக்கெட் செலவோடு முடிந்துவிடும்.

இன்னொன்று, இரண்டு விண்ணப்பங்களும் ஒன்றோடொன்று பேச வேண்டும். "வேலை இருக்கிறது, திரும்பி வந்து சேர்ந்துவிடுவேன்" என்று முதல் படிவத்தில் எழுதிவிட்டு, மூன்றே மாதத்தில் "வேலையை விட்டுப் படிக்கப் போகிறேன்" என்று இரண்டாவதில் எழுதினால் பார்ப்பவருக்கு நெருடும். இதற்கு மருந்து எளிது: முதல் விண்ணப்பத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுவது. "உறவினரைப் பார்க்கப் போகிறேன். அடுத்த வருடம் படிக்க யோசிக்கிறேன், இரண்டு பல்கலைக்கழகங்களையும் பார்ப்பேன். இந்தத் தேதியில் திரும்பிவிடுவேன்." இதைச் சொன்னால் மறுத்துவிடுவார்களோ என்று பலர் மறைக்கிறார்கள். சொல்லி மறுத்தால் ஒரு மறுப்போடு போகும். மறைத்தது பிறகு தெரிந்தால் அது பொய் சொன்ன கணக்கில் போய்ச் சேரும், அதன் விலையை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

எப்போது இதுவே சரி: வகுப்பு தொடங்க ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது, இரண்டு மூன்று ஊர்களுக்கு நடுவில் மனம் அலைகிறது, விசிட் விசா இருக்கிறது, அல்லது அது கிடைக்கும் அளவுக்கு ஊரில் வேர் இருக்கிறது.

## வழி 3: விசிட் விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்வது

அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாக.

இந்த யோசனை ஒரு காலத்தில் பல நாடுகளில் வேலை செய்தது. 2024 ஜூன் வரை ஆஸ்திரேலியாவில் விசிட்டராக இறங்கி அங்கிருந்தே ஸ்டூடண்ட் விசாவுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. கனடாவில் அமெரிக்க எல்லை வரை போய்த் திரும்பி வந்து, எல்லையிலேயே பர்மிட் வாங்கும் பழக்கம் தகுதி உள்ளவர்களிடையே இருந்தது. 2024 டிசம்பர் 23-இல் ஸ்டடி பர்மிட்டுக்கும் வேலை பர்மிட்டுக்கும் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். பழைய வீடியோக்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வந்து, "என் நண்பர் இப்படித்தான் போனார்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் நண்பர் போன வருடம் வேறு.

இன்று இந்தப் பேச்சுக்கு அர்த்தமுள்ள பெரிய நாடு அமெரிக்காதான். அங்கே பி-2 என்ற விசிட் விசாவில் இருப்பவர், ஐ-539 படிவத்தின் மூலம் எஃப்-1 ஸ்டேட்டஸுக்கு (மாணவராகத் தங்கும் தகுதி) மாற்றக் கேட்கலாம். ஆன்லைனில் 420 டாலர், காகிதத்தில் 470. செவிஸ் கட்டணம் 350. பல்கலைக்கழகத்திலிருந்து ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் வாங்க வேண்டும். இதுவரை மலிவாகவே தெரியும்.

இனி நடப்பது இது. ஒப்புதல் வரும் வரை வகுப்புக்குப் போகக் கூடாது. வேலையும் பார்க்கக் கூடாது. நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் அதே கதிதான். முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். சீக்கிரம் வேண்டும் என்றால் பிரீமியம் சேவைக்குச் சுமார் 2,000 டாலர் தனியாக. அதிலும் எல்லாத் தேவைகளும் பூர்த்தியான பிறகு 30 வேலைநாள். வகுப்பு தொடங்கும் தேதிக்குள் வராவிட்டால் பல்கலைக்கழகம் உங்கள் ஐ-20-ஐ அடுத்த பருவத்துக்குத் தள்ள வேண்டும். அத்தனை நாளும் சாப்பாடு, தங்குமிடம், மருத்துவக் காப்பீடு உங்கள் செலவு. அக்கா வீடு என்பதால் வாடகை இல்லை என்று சொல்லலாம். ஆறாவது மாதத்திலும் அப்படிச் சொல்ல முடியுமா என்று அக்காவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

சரி, ஒப்புதல் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கிடைத்தது ஸ்டேட்டஸ், விசா இல்லை. இந்த வித்தியாசம் பலருக்கு முதல் முறை ஊருக்கு வரும்போதுதான் உறைக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு வந்தாலும், திரும்பிப் போக எஃப்-1 விசாவுக்கு நேர்காணலில் நிற்க வேண்டும். அதிகாரியின் முதல் கேள்வி, "விசிட்டராகப் போனவர் ஏன் அங்கேயே மாணவரானீர்கள்?" என்பதாக இருக்கும். பக்கத்து நாட்டில் போய் ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் விசா வாங்குவது) முடித்துக்கொள்ளும் குறுக்குவழியும் சுருங்கிவிட்டது: 2025 செப்டம்பரிலிருந்து சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது நடைமுறை. ஆக, எந்த நேர்காணலைத் தவிர்க்க இந்தச் சுற்று சுற்றினீர்களோ, அதே நேர்காணல் பாதிப் படிப்பில், பாதிக் கட்டணம் கட்டிய நிலையில் காத்திருக்கும்.

ஒப்புதல் வராவிட்டால்? இமிகிரேஷன் கவுண்டரில் உங்களுக்குத் தந்த காலம், பெரும்பாலும் ஆறு மாதம், காத்திருப்பிலேயே கடந்திருக்கலாம். மறுப்பு வந்த பிறகு தங்கும் ஒவ்வொரு நாளும் சட்டத்துக்குப் புறம்பான தங்கலாக எண்ணப்படும். 180 நாளைத் தாண்டிவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடத் தடை, ஒரு வருடத்தை எட்டினால் பத்து வருடம். "என் விசா பத்து வருடத்துக்கு இருக்கிறதே" என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விசா என்பது கதவைத் தட்டும் அனுமதி. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஐ-94 என்ற நுழைவுப் பதிவுதான் சொல்லும்.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து நோக்கம் பற்றியது. உள்ளே நுழைந்து 90 நாளுக்குள், அனுமதியில்லாமல் படிப்பில் சேர்வது போல விசிட்டர் விசாவுக்கு முரணாக நடந்துகொண்டால், நுழையும்போதே பொய் சொன்னதாகத் தூதரக அதிகாரிகள் அனுமானிக்கலாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் கையேடு சொல்கிறது. "அப்படியானால் 91-ஆவது நாள் செய்தால் சரிதானே" என்று இதற்கும் ஒரு கணக்கு சொல்வார்கள். இல்லை. அனுமானம் போனாலும், ஆதாரத்தை வைத்துக் கேள்வி கேட்பதை எதுவும் தடுக்காது. பொய் என்று முடிவானால் அமெரிக்காவில் வாழ்நாள் தடை. விலக்கு கேட்டுத்தான் மறுபடி நுழைய முடியும். கனடாவில் ஐந்து வருடம். பிரிட்டனில் பத்து. ஆஸ்திரேலியாவில் பொய்த் தகவலுக்கு மூன்று வருடம், அடையாளத்திலேயே மோசடி என்றால் பத்து.

ஆதாரம் எங்கிருந்து வரும் என்கிறீர்களா? பெட்டியிலிருந்து. மூன்று வாரச் சுற்றுலாவுக்கு வந்தவர் பெட்டியில் அசல் மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், ஐ-20, நான்கு ஸ்வெட்டர். கைபேசியைத் திறந்து பார்க்கவும் எல்லை அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு, அதில் ஏஜெண்டின் செய்தி: "கவுண்டரில் படிப்பைப் பற்றி வாயே திறக்காதீர்கள்." அந்த ஒரு வரி போதும். அங்கேயே திருப்பி அனுப்பும் ஆணை போட்டால் அதற்குத் தனியாக ஐந்து வருடத் தடை.

எப்போது இதுவே சரி: உண்மையிலேயே விசிட்டராகப் போய், போன பிறகு வாழ்க்கை மாறியவர்களுக்கு. சொந்த ஊரில் போர் வெடித்துத் தூதரகம் மூடிக் கிடக்கிறது, அங்கே இருக்கும் கணவரோ மனைவியோ நோய்வாய்ப்பட்டுத் தங்க வேண்டி வந்தது போன்ற நிலைகள். சட்டம் இந்த வழியைத் திறந்து வைத்திருப்பது அவர்களுக்காக. அப்படியானவர்களும் ஏஜெண்டை விட்டுவிட்டு வழக்கறிஞரிடம் போக வேண்டும். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் குடிவரவு ஆலோசகர்களுக்கு அரசுப் பதிவு உண்டு. பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் பணம் கட்டாதீர்கள்.

## வழி 4: விசிட்டராகவே ஒரு குறும் படிப்பு

மொழி வகுப்பு, கோடைக்காலப் பள்ளி, ஒரு பருவச் சான்றிதழ்ப் படிப்பு. பிரிட்டனும் கனடாவும் ஆறு மாதம் வரை, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மூன்று மாதம் வரை இதை விசிட்டருக்கே அனுமதிக்கின்றன. பிரிட்டனில் ஆறு மாத விசிட் விசா 2025-இல் 127 பவுண்டாக இருந்தது, மருத்துவக் கூடுதல் கட்டணமும் இல்லை. வகுப்பறையில் உட்கார்ந்து, அங்கே பாடம் எடுக்கும் வேகம் நமக்குப் பிடிபடுகிறதா என்று பார்க்க இதை விட மலிவான வழி கிடையாது. அமெரிக்காவில் மட்டும் இந்த ஆசை வேண்டாம். பட்டத்துக்குக் கணக்கில் சேரும் ஒரே ஒரு பாடம் எடுத்தாலும் விதிமீறல்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், தொடர்ச்சியில். ஆறு மாதப் படிப்பு முடிந்ததும் அங்கேயே பட்டப்படிப்பில் சேரலாம் என்று நினைத்தால் பிரிட்டனில் வெளியேறித்தான் விண்ணப்பிக்க வேண்டும். கனடாவில் அட்டவணையில் சொன்ன விதிவிலக்குகளில் ஒன்று இங்கே உதவும்: பெரிய படிப்பில் சேர முன்நிபந்தனையாக வைத்த குறும் படிப்பை முடித்தவர் உள்ளே இருந்தே ஸ்டடி பர்மிட் கேட்கலாம். அது உண்மையிலேயே முன்நிபந்தனை என்று கல்லூரியின் கடிதத்தில் இருக்க வேண்டும். எந்த நாட்டிலும் விசிட்டராக இருக்கும்வரை பகுதிநேர வேலை கிடையாது, வளாகத்துக்குள்ளேயும் கிடையாது.

## வழி 5: இடம் தேடுபவருக்கென்றே இருக்கும் விசாக்கள்

இவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். கமிஷன் கிடைக்காது என்பது காரணமாக இருக்கலாம்.

ஜெர்மனியில் படிப்புக்கு விண்ணப்பிப்பவருக்கென்று தனி விசா உண்டு. ஒன்பது மாதம் வரை அங்கே தங்கி, பல்கலைக்கழக இடம் தேடி, நுழைவுத் தேர்வு எழுதி, இடம் கிடைத்ததும் ஊருக்குத் திரும்பாமலே மாணவர் அனுமதியாக மாற்றிக்கொள்ளலாம். ஷெங்கன் சுற்றுலா விசாவுக்கு 90 யூரோ, இதற்கு 75 யூரோ. ஆனால் தங்கும் காலத்துக்கான பணத்தைக் காட்ட வேண்டும், இடம் கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டும். பிரான்சில் நுழைவுத் தேர்வோ நேர்காணலோ உள்ளவருக்குக் குறுகிய கால விசா ஒன்று இருக்கிறது; தேர்ச்சி பெற்றால் திரும்பி வராமலே மாணவர் அனுமதி கேட்கலாம். அமெரிக்காவில் தனி விசா இல்லை. ஆனால் பி-2 நேர்காணலில், பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் போகிறேன் என்று சொன்னால், வருங்கால மாணவர் என்ற குறிப்பை விசாவிலேயே எழுதித் தருவார்கள். மூன்றாவது வழியில் சொன்ன காத்திருப்பும் செலவும் இவருக்கும் உண்டு. பொய் சொன்னார் என்ற சந்தேகம் மட்டும் இவர் மீது விழாது, ஏனென்றால் விசாவிலேயே உண்மை எழுதியிருக்கிறது.

எப்போது இதுவே சரி: நேரில் போய்த்தான் முடிவு செய்ய முடியும், போனால் திரும்பி வந்து மறுபடி விண்ணப்பிக்க நேரமும் இல்லை என்பவர்களுக்கு.

## இரண்டு விசாவும் கையில் இருந்தால்

இது வேறு வகைக் கேள்வி. ஸ்டூடண்ட் விசா வந்துவிட்டது, பழைய விசிட் விசாவும் செல்லுபடியாகிறது, வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது, முன்னாடியே போய் அக்காவோடு இருக்கலாமா?

அமெரிக்கா என்றால் எஃப்-1-இல் 30 நாளுக்கு முன் நுழைய முடியாது. பி-2-இல் உண்மையான விடுமுறைக்காக நுழையலாம், ஆனால் அந்த நுழைவை வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார முடியாது. வெளியேறி, எஃப்-1-இல் மறுபடி நுழைய வேண்டும். இதைக் கவுண்டரிலும் அப்படியே சொல்லுங்கள், திரும்பும் டிக்கெட்டைக் காட்டுங்கள். இரண்டாவது முறை நுழையும்போது எந்த விசாவை நீட்டுகிறீர்கள் என்பதில் கவனம். நுழைந்த அன்றே ஐ-94 பதிவை ஆன்லைனில் எடுத்து, எஃப்-1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். தவறுதலாக பி-2 என்று பதிவாகியிருந்தால் வகுப்பு தொடங்கும் முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் சொல்லித் திருத்த வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் இதையே வேறு மாதிரி கெடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒருவருக்கு ஒரு நேரத்தில் இப்படிப்பட்ட ஒரு விசாதான் செல்லும். புதிது நடைமுறைக்கு வந்ததும் பழையது தானாகவே முடிந்துவிடும். ஸ்டூடண்ட் விசா கிடைத்த பிறகு, ஒரு பயணத்துக்குத்தானே என்று விசிட் விசாவுக்கு விண்ணப்பித்து அது கிடைத்துவிட்டால், 2,000 டாலர் கட்டி வாங்கிய ஸ்டூடண்ட் விசா போய்விடும். அந்த விசிட் விசாவை வைத்துக்கொண்டு அங்கிருந்து புதிதாகவும் கேட்க முடியாது. டிக்கெட் எடுப்பதற்கு முன் வீவோ என்ற அரசு இணையச் சேவையில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து, எந்த விசா உயிரோடு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.